கிறிப்பில் பெயர் இல்லாதவர்களுக்காக: மட்டக்களப்பு வங்கிக் கிளை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கிளை முகாமையாளர்களுக்கும் கடன் பிரிவு உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மேசைக்கு வரும் கடன் கோவைகளில் பல, அதற்கு முதல் என் மேசையில் கிடந்தவை. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், கிராம சேவகர் சான்றிதழ், வியாபாரப் பெயர்ப் பதிவு, கரண்ட் பில், பாஸ்புக்கின் பிந்திய பக்கங்கள், பிணைக்கு நிற்கும் இரண்டு பேரின் சம்பளச் சீட்டு என்று எந்தக் கிளைக்கு எது வேண்டும், எது மேலே எது கீழே என்பது வரை எனக்குப் பாடம். படிவம் நிரப்பிக் கொடுப்பதும் பெரும்பாலும் நான்தான். போன கோவை என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியவரும், ஏனென்றால் "என்ன சொன்னாங்க?" என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. தேர்தல் வந்தால் அதைச் சொல்ல ஆட்கள் தாராளமாக வருவார்கள். கிறிப் என்கிற கடன் பதிவில் பெயர் இல்லை என்பதற்காகக் கட்டக்கூடியவர்களுக்கே கடன் கிடைக்காமல் போகிறது, அதுதான் என் கவலை.

மண்டூர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் கோவையைச் சொல்கிறேன். வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) குருமண்வெளித் துறைக்கு வந்து இறங்குவார். தயிர் வியாபாரம். மாட்டுப் பட்டிக்காரர் சிலரிடம் பால் எடுத்து, காய்ச்சி, உறை ஊற்றி, சட்டி சட்டியாக இந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் கல்முனைக்கும் அனுப்புகிறார். புல் நன்றாக இருக்கிற மாதங்களில் பால் கூடிப்போகும், வைக்க இடமில்லாமல் பாதி விலைக்குத் தள்ள வேண்டிவரும். ஒரு பெரிய குளிர்பெட்டிக்கும் பாத்திரங்களுக்கும் சேர்த்து 3 இலட்சம் கேட்டிருந்தார். கோவை மெலிந்துதான் இருந்தது. ஆனால் கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் றப்பர் வளையம் போட்ட அடகுச் சீட்டுக் கட்டு. ஒரு சோடிக் காப்பும் ஒரு சங்கிலியும் விதைப்புக்கு முதல் உள்ளே போகின்றன, வேளாண்மை வெட்டு முடிந்ததும் வெளியே வருகின்றன. வருடா வருடம் அதே நகை, அதே கிளை. ஒரு தடவைகூட ஏலத்துக்குப் போகவில்லை. சில சீட்டுகளில் மை மங்கி எழுத்தே தெரியவில்லை, இயந்திரத்தின் கறுப்பைக் கூட்டிவைத்துத்தான் பிரதி எடுத்தேன்.

கடன் பிரிவில் அந்தக் கட்டை அவிழ்க்கவே இல்லையாம். "அடகு என்றால் நகைதானே பிணை, ஆளைப் பார்த்தா கொடுத்தது?" என்றிருக்கிறார்கள். பிறகு கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கிறிப்பில் ஒன்றும் இல்லை, அதனால் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா என்னிடம் வந்து கேட்டது இது: "கிறிப்பில ஒண்டும் இல்லையாம் புள்ள. ஒண்டும் இல்லாட்டி நல்லந்தானே?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் உங்களிடம் அனுப்புகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்காக. கிறிப் என்று நாம் சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் எடுத்த கடனையும் கட்டிய விதத்தையும் அங்கே அனுப்புகின்றன, இன்னொரு நிறுவனம் கேட்டால் பணியகம் அதைக் காட்டுகிறது. கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது. இன்னாருக்குக் கொடு, இன்னாருக்குக் கொடுக்காதே என்று பணியகம் சொல்வதும் இல்லை. முடிவு முழுவதும் கடன் கொடுக்கிறவருடையது. "கிறிப் விடுதில்ல" என்று கவுண்டரில் சொல்லும்போது, நீங்கள் எடுத்த முடிவைக் கொழும்பில் இருக்கும் ஒரு கணினியின் தலையில் போடுகிறீர்கள். அந்தச் சனமும் நம்பிவிடுகிறது. தன் பெயரில் ஏதோ பழி விழுந்துவிட்டது என்று பயந்து வேறு வங்கிப் பக்கமே போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒழுங்காகக் கட்டினார் என்று பதிவு உள்ளவர், கட்டாமல் விட்டார் என்று பதிவு உள்ளவர், பதிவே இல்லாதவர் என்று மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கவுண்டருக்கு முன்னால் மூன்றாவது ஆளும் இரண்டாவது ஆளும் ஒன்றாகிப் போகிறார்கள். இன்னும் சொன்னால், இரண்டாவது ஆள் நிலுவையைக் கட்டி, கட்டி முடித்த கடிதத்தையும் கொண்டு வந்தால் உங்களோடு பேசுவதற்கு ஏதாவது இருக்கும். மூன்றாவது ஆளுக்கு அதுவும் இல்லை.

இந்த மாவட்டத்தில் மூன்றாவது ஆட்கள் இவ்வளவு பேர் ஏன் என்று தேட வேண்டியதில்லை. 2004இல் கடல் வந்து கரையோரத்தில் வீட்டோடு கடதாசிகளையும் கொண்டுபோனது. 2007இல் சண்டையால், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் பெரும்பகுதி இடம்பெயர்ந்து நின்றது. சண்டை நடந்த காலம் முழுக்க வங்கிகள் கிழக்கே எழுவான்கரையில், சனம் வாவிக்கு அந்தப் பக்கம். அதனால் கடன் வாங்காமலா இருந்தார்கள்? சங்கத்தில் வாங்கினார்கள், அரசின் சமுர்த்தித் திட்டத்தில் வாங்கினார்கள், சீட்டுப் பிடித்தார்கள், நெல் ஆலைக்காரரிடம் உரத்துக்கு வாங்கி நெல்லாகக் கொடுத்தார்கள். சண்டை முடிந்தபின் மோட்டார் சைக்கிளில் நுண்கடன்காரர்கள் வந்தார்கள். குழுத் தலைவி வீட்டு விறாந்தையில் பாய் போட்டுக் கிழமைக்கு ஒரு நாள் கூட்டம், கட்டிய பணத்துக்குக் கொப்பியில் ஒரு சின்னக் கையெழுத்து. வட்டி எந்த அளவுக்குப் போனது என்றால், 2018இல் மத்திய வங்கி நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. அந்தக் கடனால் நொந்துபோன குடும்பங்களின் கதை எல்லோருக்கும் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே குழுக்களில் ஒரு கிழமையும் தவறாமல் கட்டி முடித்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 35 வீதத்துக்குக் கட்டியவளுக்கு அதில் பாதி வட்டிக்குக் கட்ட முடியாது என்று எந்தக் கணக்கில் முடிவெடுக்கிறீர்கள்? அவளுடைய கொப்பிகள் அலுமாரிக்குள் இருக்கின்றன. என்னிடம் பிரதி எடுக்கவும் கொண்டுவருகிறாள். கோவையில் வைத்தால், "இதெல்லாம் வேண்டாம்" என்று உருவி வெளியே வைக்கிறீர்கள்.

இனி ஆள் பிணை. அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் வேண்டும் என்கிறீர்கள். படுவான்கரையில் ஒரு கிராமத்தை எடுங்கள். ஊரில் பிறந்து ஊரிலேயே இருக்கும் ஆசிரியர் நாலைந்து பேர், ஒரு மருத்துவிச்சி, ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர். மற்றவர்கள் எல்லோரும் தோணிக்காரர், வயல் செய்யும் வட்டைக்காரர், மேசன், தையல்காரி. கடன் வேண்டியவர் எல்லோரும் அந்த ஆறேழு பேரின் வாசலுக்குத்தான் போக வேண்டும். ஒருவருக்குக் கையெழுத்து வைத்தால் அந்தப் பிணையும் அவருடைய அறிக்கையில் ஏறுகிறது. நாளைக்கு அவர் வீடு கட்டக் கடன் கேட்கும்போது நீங்களே அதைக் காட்டி, உங்களுக்கு ஏற்கனவே பொறுப்பு இருக்கிறது சேர் என்கிறீர்கள். 2022இல் விலைவாசி ஏறி, வட்டி ஏறி, டீசல் வரிசையில் நின்ற காலத்தில் கடனாளி தவணை விட்டபோது பல இடங்களில் கடிதம் வந்தது பிணைகாரருக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு ரீச்சர் மச்சானுக்குக் கையெழுத்து வைத்தார். மச்சான் கட்டாரில், ரீச்சரின் சம்பளத்தில் மாதா மாதம் கழிவு. இப்போது அந்த ரீச்சர் பிணைக்கு யார் வந்தாலும் படலையிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிறார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்தை வாங்கிவிட்டு ஊரை விட்டுப் போகும் நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் விளைவைப் பாருங்கள். கடன் கிடைப்பது கட்டும் தெம்பை வைத்து நடக்கவில்லை, குடும்பத்தில் ஒரு ஆசிரியர் இருக்கிறாரா என்பதை வைத்து நடக்கிறது. ரீச்சரின் தம்பிக்கு ஓட்டோ எடுக்கலாம், அவனைவிட இரண்டு மடங்கு உழைக்கும் மீன் வியாபாரிக்கு முடியாது. பிணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே தொழில் செய்து, உங்களிடமே கடன் எடுத்துக் கட்டி முடித்த ஒருவரைப் பிணையாக ஏற்பதற்கு என்ன தடை? பாதிக் கடன் ஒழுங்காகக் கட்டியானதும் பிணைகாரரை விடுவிக்கலாமே? அப்படி ஒரு வழி இருந்தால் அந்த ரீச்சர்கூடத் திரும்ப யோசிப்பார்.

ஈடு வைக்கலாமே என்பீர்கள். அதிலும் எங்கள் பக்கத்துக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்தால் ஆண் பெண் வீட்டுக்குப் போவான். காணி உறுதி மனைவி பெயரில், வருமானம் கணவன் பெயரில். கணவன் விண்ணப்பித்தால் சொத்து இல்லை என்கிறீர்கள், மனைவி விண்ணப்பித்தால் வருமானம் இல்லை என்கிறீர்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இரண்டு பேர் உங்கள் படிவத்தில் மட்டும் தனித்தனியாக நிற்கிறார்கள். சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று கவுண்டரில் யாராவது சொன்னால் பாதிப் பேருக்கு வழி பிறக்கும். படுவான்கரையில் பல இடங்களில் உறுதியே இல்லை, பெர்மிட்தான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட்டை உறுதிக்காணி மாதிரி ஈடு வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அது உங்கள் கையில் இல்லாத விடயம், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் ஒன்றுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. முதல் கடன் ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என்று வைப்போம். நீங்கள் போடும் தவணை மாதத் தவணை. பெரும்போகக்காரனுக்குப் பணம் வருவது மாசி, பங்குனியில், வெட்டு முடிந்து நெல் விற்றபின். சிறுபோகம் உள்ள வட்டை என்றால் ஆவணிக்குப் பின் இன்னொரு தடவை. இடையில் உள்ள மாதங்களில் அவனிடம் இருப்பது செலவு மட்டும். கடலுக்குப் போகிறவனுக்குக் கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று, தோணி கரையில். கைத்தறிக்காரருக்குப் பெருநாளும் பொங்கலும் வந்தால்தான் விற்பனை. இவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி ஒரே தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். மூன்று மாதம் பிந்துகிறது. நெல் விற்றதும் ஓடிவந்து வட்டி, தண்டப்பணம் எல்லாம் சேர்த்துக் கட்டிவிடுகிறான். ஆனால் பிந்திய நாட்கள் அறிக்கையில் ஏறியாயிற்று. பதிவே இல்லாமல் வந்தவன் கெட்ட பதிவோடு திரும்பிப் போகிறான். அடுத்த தடவை நீங்களே அதைக் காட்டி மறுக்கிறீர்கள். ஒழுங்காகக் கட்டாத மனுசன் என்று முடிவு கட்டுகிறீர்கள். அவன் மொத்தத்தில் ஒரு சதம்கூடக் குறைத்துக் கட்டவில்லை.

பயிர்ச்செய்கைக் கடனில் அறுவடைக்குப் பின் கட்டும் முறை உங்களிடம் ஏற்கனவே உண்டு. அடகு முறையும் அப்படித்தான் ஓடுகிறது. அந்தத் தயிர்க்கார அக்காவின் சீட்டுக் கட்டு ஒழுங்காக இருந்ததற்குக் காரணமே, பணம் வரும் காலத்தில் மீட்க விட்டீர்கள் என்பதுதான். அதே ஆளுக்கு அதே காலக்கணக்கில் ஒரு தொழில் கடன் எழுதினால் என்ன? மாதம் மாதம் வட்டி மட்டும், வெட்டுக்குப் பின் கடன் வாங்கிய தொகை என்றாலும் ஆகும். கடன் பிரிவில் இருக்கும் தம்பிமார் பலர் வட்டைக்காரரின் பிள்ளைகள். இந்தக் கணக்கு அவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

இன்னும் இரண்டு விதமான ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, அந்தப் பக்கம் சாய்ந்தமருது, நிந்தவூர் வரை, வட்டி கூடாது என்று மார்க்கக் காரணத்துக்காக வாழ்நாள் முழுக்கக் கடனே எடுக்காத வியாபாரிகள் இருக்கிறார்கள். கடையில் சரக்கு, கணக்கில் பணம், கிறிப்பில் வெறுமை. இப்போது வட்டியில்லா முறையில் வசதி கொடுக்கும் வங்கிகள் வந்துவிட்டன. அங்கேயும் முதல் கேள்வி பழைய பதிவு எங்கே என்பதாக இருந்தால், மார்க்கத்துக்குப் பயந்து நடந்ததற்கே தண்டனை கொடுத்தது போலாகும். மற்றது, மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய பிள்ளைகள். வருடக் கணக்காக மாதம் தவறாமல் உங்கள் வங்கி ஊடாகவே பணம் அனுப்பியிருப்பான், ஆனால் அம்மாவின் கணக்குக்கு. திரும்பி வந்து லேத் பட்டறை போடக் கடன் கேட்டால் "உங்கட பேரில ஒண்டும் இல்லையே தம்பி." அனுப்பிய பற்றுச்சீட்டுகளில் அவன் பெயர்தானே இருக்கிறது?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை, கிளைக்கு அதிகாரம் குறைவு, கடன் கெட்டால் விளக்கம் எழுத வேண்டியவர் நீங்கள். உண்மைதான். கெட்ட கடன் கூடினால் உங்களை இடமாற்றுவார்கள், என்னை யாரும் இடமாற்ற மாட்டார்கள். ஆனால் சில காரியங்களுக்குச் சுற்றறிக்கை தேவையில்லை. மறுத்தால் ஏன் என்று ஒரு துண்டிலாவது தமிழில் எழுதிக் கொடுங்கள். பதிவு இல்லை என்பதற்காகவா, கெட்ட பதிவு இருக்கிறது என்பதற்காகவா, வருமானம் போதாது என்பதற்காகவா? இவை மூன்றுக்கும் அந்த ஆள் அடுத்துச் செய்ய வேண்டியவை வேறு வேறு. முதலாவது என்றால் சேமிப்பை ஈடாக வைத்து ஒரு சின்னக் கடன் எடுத்துக் கட்டி, பதிவைத் தொடங்கலாம். இரண்டாவது என்றால் தன் அறிக்கையைத் தானே கேட்டு எடுத்து, எந்த நிறுவனத்தில் எந்த நிலுவை என்று பார்த்து, பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். எப்போதோ எடுத்த லீசிங்கில் சில ஆயிரம் நிலுவை கிடப்பது தெரியாமலே நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியாதவர் என்ன செய்கிறார்? வங்கி வங்கியாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு வங்கியும் பார்த்த தடமும் அறிக்கையில் சேர்கிறது. கடைசியில் வட்டிக்காரனிடம் போய் நிற்கிறார்.

நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கு என்று 2023இல் மத்திய வங்கி ஒழுங்குவிதிகளே கொண்டுவந்திருக்கிறது. முறைப்பாடு சொல்ல 1935 என்ற இலக்கமும் இருக்கிறது, திருகோணமலையில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. கடைச் சுவரில் அந்த இலக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அதை அழைக்கும் நிலைக்கு யாரையும் அனுப்பாமல் கிளையிலேயே முடிந்தால் உங்களுக்கும் நல்லது.

ஆகக் குறைந்தது இதைச் செய்யுங்கள். பதிவு இல்லாதவர் எதைக் கொண்டு வந்தால் கணக்கில் எடுப்பீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கிளை வாசலில் ஒட்டுங்கள். உங்கள் கிளையிலேயே வைத்து மீட்ட அடகு, பால் சேகரிக்கும் நிலையத்தின் கொடுப்பனவுச் சீட்டு, நெல் விற்ற பற்றுச்சீட்டு, நுண்கடன் கட்டி முடித்த கொப்பி, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் இவற்றில் எது ஏற்கும் எது ஏற்காது என்று தெளிவாக இருக்கட்டும். ஏற்காது என்றாலும் பரவாயில்லை, வீணாக அலைய மாட்டார்கள். பெரும்போகத்துக்கான கோவைகள் புரட்டாதியிலேயே வரத் தொடங்கிவிடும். அதற்கு முதல் ஒட்டினால் இந்த முறை விதைக்கிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு கடைக்காரி